மூன்று தொழில், ஓர் உடம்பு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பகலில் மென்பொருள் நிறுவனத்தில் முழுநேர வேலை. இரவில் ஃப்ரீலான்ஸாக வடிவமைப்பு வேலை. சனி, ஞாயிறு இணையவழியில் கணித வகுப்பு. மூன்றும் பிடித்திருக்கிறது, எதையும் விட மனமில்லை. ஆனால் மூன்று மாதமாக ஞாயிறு மாலை வந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. நேர மேலாண்மையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகாது. நான் பதினோரு வருடமாக மூன்று வேலை பார்க்கிறேன்: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, வெளியே மொழிபெயர்ப்பு, வாரத்தில் இரண்டு மாலை வயலின் வகுப்பு. நான்காம் வருடம் படுத்தேவிட்டேன். அப்போது என்னிடம் இருந்த அட்டவணையைப் போல அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் போட்டதே இல்லை. வேலைக்கு ஒரு நிறம், அரைமணிக்கு ஒரு கட்டம், எதுவும் எதோடும் மோதாது. அப்படியும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்க எழ முடியாமல் கட்டில் விளிம்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, வலிக்கவில்லை. எழுந்திருக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

வேலையால் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோகும் இந்த நிலைக்குப் பர்ன்அவுட் என்று பெயர். இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர். இதை அளப்பதற்கான வினாப்பட்டியலை 1981இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து வெளியிட்டார். பிறகு மைக்கேல் லைட்டரோடு செய்த வேலையில், மனிதர்கள் எரிந்து போவதற்கான காரணங்களை ஆறு இடங்களில் தேடச் சொன்னார்: பணிச்சுமை, தன் வேலைமீது தனக்குள்ள பிடி, கிடைக்கும் பலன், கூட இருப்பவர்கள், நியாயம், தான் மதிப்பதும் வேலை கேட்பதும் ஒத்துப்போவது. நேர மேலாண்மை தொடுவது முதலாவதை மட்டும்தான், அதிலும் பாதியை. மீதி ஐந்தையும் விட்டுவிட்டுக் காலண்டரை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன் நான்.

உங்களுக்கு இருப்பது வெறும் களைப்பா, வேறா என்று முதலில் பார்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்திருக்கிறது. நோயாக இல்லை, தொழில் சார்ந்த ஒரு நிலையாக. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது வேலைமீது கசப்பு வருவது, செய்யும் வேலையில் திறன் குறைவது. களைப்பு என்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போகும். இது போகாது. பல தொழில் செய்பவர்களிடம் நான் பார்த்தவரை முதலில் வருவது சோர்வு அல்ல, எகத்தாளம். வாடிக்கையாளர் மின்னஞ்சலைத் திறக்கும்முன்பே “வந்துட்டான்யா” என்று வாய் முணுமுணுக்கும். வகுப்பில் பிள்ளை சந்தேகம் கேட்டால் எரிச்சல் வரும். பிடித்த வேலைமீதே கசப்பு வந்தால் அதுதான் மணி அடிக்கும் சத்தம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வும் இதே முகமூடியோடு வரும். மூன்று மாதமாக வயிறு புரட்டுகிறது என்றால் கட்டுரை படிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தச் சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவரின் கதை உங்களுக்குப் பொருந்தும். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் இருந்த உளவியலாளர். பகல் முழுக்கச் சொந்த சிகிச்சையகத்தில் நோயாளிகளைப் பார்ப்பார். அது முடிந்தபின் ஓர் இலவச சிகிச்சை மையத்தில் இரவு வெகுநேரம்வரை ஊதியமில்லாமல் வேலை. அங்கிருந்த தன்னார்வலர்களிடமும் தன்னிடமும் கண்டதை வைத்துத்தான் 1974இல் பர்ன்அவுட் பற்றிய கட்டுரையை எழுதினார். ஆக, பர்ன்அவுட்டை உளவியலுக்குக் கொண்டுவந்தவரே இரட்டைவேலைக்காரர். இரண்டும் அவர் விரும்பிச் செய்தவை. விருப்பம் ஒருவரைக் காப்பாற்றும் என்றால் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் ஓர் இடத்தில் அச்சு முறியத்தான் செய்யும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவருடைய இரண்டு வேலையும் ஒரே வேலை: அடுத்தவர் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்பது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பல தொழில் செய்வதில் எண்ணிக்கையைவிட எது எதோடு சேர்கிறது என்பது முக்கியம். கணக்குப் பார்த்துவிட்டு வயலின் எடுத்தால் எனக்கு உயிர் வருகிறது. கணக்குப் பார்த்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால் கண்ணும் கழுத்தும் கேட்காது. இரண்டும் திரை, இரண்டும் எழுத்து, இரண்டிலும் பிழை தேடும் அதே புத்தி. சபீனே சொன்னென்டாக்கும் ஷார்லட் ஃப்ரிட்ஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் பிறகு மனிதர்கள் மீண்டெழும் வழிகளை நான்காகப் பிரித்தார்கள்: மனத்தளவில் வேலையை விட்டு விலகுவது, இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, தன் நேரம் தன் கையில் இருப்பது. மூன்றாவதைப் பாருங்கள். சும்மா கிடப்பது மட்டும் ஓய்வு அல்ல, கடினமான வேறொன்றைச் செய்வதும் ஓய்வாகலாம். இரண்டாம் தொழில் சிலரை வாழவைப்பது இதனால்தான். ஆனால் அந்த இரண்டாம் தொழிலிலும் கெடு, புகார், பில் பாக்கி எல்லாம் வந்துவிட்டால் நான்காவது போய்விடுகிறது. கூடவே முதலாவதும். உங்கள் மூன்றில் இரண்டு திரைவேலை. கணித வகுப்பு ஆட்களோடு பேசுவது, ஆனால் அதுவும் திரைவழி. வகுப்பை நேரில் நடத்த வழியிருந்தால், மணிநேரம் கூடினால்கூட, உங்களுக்கு லாபம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பார்கள். அந்தத் தச்சன் மரத்தைப் பார்த்துக்கொண்டே அலைந்தவன். கோடரியைத் தூக்கவே இல்லை. உங்கள் சிக்கல் நேர் எதிர். ஒரே கோடரியை வைத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்று மரத்தை வெட்டுகிறீர்கள், தீட்ட நேரமில்லாமல்.

சரி, என்னதான் செய்வது? நான் விழுந்து எழுந்தபின் மாற்றியது பல. அதில் உண்மையில் வேலைசெய்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அதற்குத் துணை. மூன்று தொழிலில் ஒன்றுக்கு மட்டும் அவசரம் என்று சொல்லும் உரிமை. மற்ற இரண்டுக்கும் அந்த உரிமை கிடையாது, எவ்வளவு பணம் தந்தாலும்.

இதை விளக்க வேண்டும். ஒரு வேலை எடுத்துக்கொள்ளும் மணிநேரத்தைவிட, அது எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்ற நிலைதான் ஆளைத் தின்கிறது. வாரம் எட்டு மணி நேர வேலைதான், ஆனால் அந்த ஆள் இரவு பதினோரு மணிக்கும் கூப்பிடுவார் என்றால், அது எட்டு மணி நேர வேலை இல்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் அதற்குக் காவல் இருக்கிறீர்கள். அப்படி மூன்று பேர் இருந்தால் மூன்று காவல். நான் விழுந்த வருடம் மணிநேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஐம்பத்திரண்டுதான் வந்தது. கூப்பிடும் உரிமை யார் யாரிடம் இருந்தது என்று எண்ணினால் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு, இருவரும் அலுவலகத்தில். மொழிபெயர்ப்பு வாடிக்கையாளர்களிடம் என் தொலைபேசி எண் இல்லை. மின்னஞ்சல் மட்டும், பதில் ஒரு வேலைநாளுக்குள். அவசர வேலை எடுப்பதில்லை, இரட்டைக் கூலி என்றாலும். வயலின் வகுப்புப் பெற்றோருக்கு வியாழன் மாலைவரை நேரம், அதற்குமேல் கேட்டால் அடுத்த வாரம். இரண்டு வாடிக்கையாளர் போனார்கள். ஒருவர் போனதில் வருத்தம், இன்னொருவர் போனதில் நிம்மதி. மற்றவர்கள் ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். நாம் பயப்படுகிற அளவுக்கு யாருக்கும் நாம் அவசரமாகத் தேவைப்படுவதில்லை என்பது அப்போது கொஞ்சம் வலித்தது.

எந்த வேலைக்கு அந்த உரிமையைக் கொடுப்பது? பெரும்பாலும் மாதச் சம்பள வேலைக்குத்தான், அங்கே உங்களுக்குத் தேர்வு குறைவு. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு வேலையும் ஏன் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். காசுக்கா, ஆசைக்கா, தப்பிக்கவா. காசுக்கு என்றால் எந்தத் தொகை சேர்ந்தவுடன் நிறுத்துவீர்கள் என்று ஓர் எண் வேண்டும். அந்த எண் இல்லாத காசுவேலை முடிவதே இல்லை. ஆசைக்கு என்றால் அதிலிருந்து வரும் வருமானத்தை வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்த மாதத்திலிருந்து அது ஆசை இல்லை. மூன்றாவது கொஞ்சம் நோகும். முதல் வேலை பிடிக்கவில்லை, அதை விடவும் துணிவில்லை, அதனால் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கி அந்த முடிவைத் தள்ளிப்போடுவது. என் மொழிபெயர்ப்பு அப்படித்தான் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரிய ஐந்து வருடம் ஆனது.

மணிநேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். உடம்பு மூன்று வேலையையும் ஒரே கணக்கில்தான் பற்று வைக்கிறது. ஆகவே மூன்றின் மணியையும் கூட்டுங்கள், அதிலும் உதிரி வேலையை விடாமல் கூட்டுங்கள்: பில் அனுப்புவது, பாக்கியை நினைவூட்டுவது, கோப்பு தேடுவது, வகுப்புக்குத் தயாரிப்பது, “சும்மா ஒரு சின்ன மாற்றம்”, வரிக்கணக்கு. என் விஷயத்தில் நான்கு மணி நேர மொழிபெயர்ப்புக்கு ஒரு மணி நேரம் இப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது. இதை விலையில் சேர்க்காதவர்கள்தான் இன்னும் ஒரு வேலை எடுத்தால் சரியாகும் என்று நினைக்கிறார்கள்.

தூக்கத்தைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று எண்ணாதீர்கள். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாள் குறைந்த தூக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரவுக்கு 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவும், ஒன்றிரண்டு இரவு துளியும் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்குத் திக்கென்றது அந்த எண்ணைப் பார்த்து அல்ல. தாங்கள் எவ்வளவு மோசமாகச் செய்கிறோம் என்பது அவர்களுக்கே பெரும்பாலும் தெரியவில்லை. “ஆறு மணி நேரம் எனக்குப் போதும், பழகிவிட்டது” என்று சொல்பவரின் சாட்சியத்தை அவர் விஷயத்தில் ஏற்க முடியாது. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பூஜ்யத்தை விழுங்கும்வரை.

நாளைப் பிரிப்பதில் ஒரு விஷயம்: மணியாகப் பிரிக்காதீர்கள், நாளாகவோ முழு மாலையாகவோ பிரியுங்கள். ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது பழையதன் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஸோஃபி லெராய் 2009இல் இதை ஆராய்ந்து கவன எச்சம் என்று பெயர் வைத்தார். முடிக்காமல் விட்டு வந்த வேலை அதிகம் ஒட்டும். பிறகு தெரேசா க்ளோம்போடு சேர்ந்து 2018இல் அவர் சொன்ன மருந்து ரொம்ப எளிது: எழுந்திருக்கும்முன் எங்கே விட்டேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடம் எழுதிவைப்பது. நான் ஒரு பழைய நோட்டில் எழுதுகிறேன். “மூன்றாம் பத்தி, அந்தச் சட்டச்சொல்லுக்குத் தமிழ் கிடைக்கவில்லை, நாளை அங்கிருந்து.” எழுதியவுடன் அந்தச் சொல் என்னை விட்டுவிடுகிறது. சில நாள், விடுவதில்லை.

பருவத்தை வாய்க்கால் தண்ணீர்போலப் பாருங்கள். ஒரே வாய்க்கால், மூன்று வயல். மூன்று மடையையும் ஒருசேரத் திறந்தால் எந்த வயலிலும் ஈரம் நிற்காது. அதனால்தான் முறைவைத்துப் பாய்ச்சுவது. கணக்காண்டு முடியும் இரண்டு மாதம் எனக்கு அலுவலகம்தான் எல்லாம். அந்த இரண்டு மாதம் புதிய மொழிபெயர்ப்பு எடுப்பதில்லை, வயலின் வகுப்பு பழைய பாடங்களை மெருகேற்றுவதோடு நிற்கும். அடுத்த பருவத்தில் மொழிபெயர்ப்பு முன்னால் வரும். முறை இல்லாத வயல் காய்ந்துபோக வேண்டியதில்லை, நாற்று சாகாத அளவு ஈரம் போதும். இதற்கு ஒரே பக்கத்தில் மூன்று தொழிலின் ஓராண்டு உச்சங்களையும் குறித்துவைக்க வேண்டும். உங்கள் மாணவர்களின் தேர்வுக்காலமும் அலுவலகத்தின் ரிலீஸ் தேதியும் ஒரே மாதத்தில் விழுகிறதா என்று இன்றே பாருங்கள். விழுந்தால் அந்த மாதம் வடிவமைப்பு வேலை எடுக்கமுடியாது என்று ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. உங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலைக்கு அனுமதி வேண்டுமா, நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம், போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யத் தடை உண்டா என்ற மூன்றையும் படியுங்கள். அலுவலகக் கணினியில் வெளிவேலையைத் திறக்கவே வேண்டாம். மறைத்துச் செய்யும் வேலைக்கு மணிக்கணக்கில் வராத ஒரு பாரம் உண்டு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் ஒரு முழு வேலைதான்.

வேலையை விட்டுவிட்டு ஒன்றில் முழுதாக இறங்கு என்று அறிவுரை சொல்பவர்கள் உங்களைச் சுற்றியும் இருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். ரஃபீ, ஃபெங் என்ற இருவர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், சம்பள வேலையில் இருந்தபடியே தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களின் தொழில் மூடப்படும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கேலி செய்யலாம். ஆழம் தெரியாத ஆற்றில் இரண்டு காலையும் ஒன்றாக விடுபவன் புத்திசாலியா?

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாக ஆகாது. அலெக்ஸாந்தர் பரதீன் ரஷ்யாவில் வேதியியல் பேராசிரியர், கூடவே பெரிய இசையமைப்பாளர். பாடம், ஆய்வுக்கூடம், பெண்களுக்கான மருத்துவக் கல்வி வேலை எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் இசை. 1869இல் தொடங்கிய ஓர் இசைநாடகம் 1887இல் அவர் இறக்கும்போதும் முடியவில்லை. நண்பர்கள்தான் முடித்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் ஐவ்ஸ் பகலில் காப்பீட்டுத் தொழில், இரவிலும் விடுமுறையிலும் இசை என்று இரண்டிலும் உச்சம் தொட்டவர். 1918இல் உடல்நிலை கடுமையாக முறிந்தது. அதன்பின் அவர் புதிதாக எழுதியது மிகக் குறைவு. ஒருவருக்கு வேலை முடியவில்லை, இன்னொருவருக்கு உடம்பு முடியவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பரதீன் பக்கம். ஒரே தொழில் செய்யும் சகஊழியர் உங்களைவிட முன்னதாகப் பதவி உயர்வு பெறுவார். முழுநேர வடிவமைப்பாளர் உங்களைவிட வேகமாக வளர்வார். அதைப் பார்த்துப் பொருமிக்கொண்டே மூன்று தொழில் செய்ய முடியாது. நான் இன்னும் சில சமயம் பொருமுகிறேன்.

ஏற்கெனவே எரியத் தொடங்கிவிட்டால் எதை முதலில் குறைப்பது என்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம். யாரும் புகார் சொல்லாததைத்தான் முதலில் வெட்டுகிறோம்: தூக்கம், மாலை நடை, நண்பனோடு பேச்சு. நான் வெட்டியது என் சொந்த வயலின் பயிற்சியை. வகுப்பை நிறுத்தினால் பெற்றோர் கேட்பார்கள், நானே வாசிக்காவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அது தப்பு. யாரிடமிருந்து அதிகம் போன் வருகிறதோ அந்த வேலையைக் குறைக்க வேண்டும். ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் படுத்திருப்பதும் பெரிதாக உதவாது. திரும்பி வரும்போது அதே ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றில் எதையும் இப்போது விடச் சொல்லமாட்டேன். ஞாயிறு மாலை புரட்டுகிறது என்றீர்கள். அது கணித வகுப்பு முடியும் நேரம், திங்கள் அலுவலகம் கண்முன் நிற்கும் நேரம். எனக்கென்னவோ இரண்டின்மீதும் சந்தேகமில்லை. ஞாயிறு இரவு “நாளைக்குள் வேண்டும்” என்று செய்தி அனுப்பும் வடிவமைப்பு வாடிக்கையாளர் ஒருவர் உண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, அவர்தான். அவருக்கு நாளைக் காலை இப்படி எழுதுங்கள்: “அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலைகளைச் செவ்வாய், வியாழன் மாலைகளில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்குள் வந்துசேரும் திருத்தங்கள் அடுத்த வியாழன் உங்கள் கைக்கு வரும். இந்த எண்ணில் செய்தி பார்ப்பதில்லை, மின்னஞ்சலில் அனுப்புங்கள்.” மன்னிப்பு கேட்காதீர்கள், காரணமும் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அந்தக் காரணத்தோடு வாதாடுவார். நான்கு ஞாயிறு கழித்து வயிறு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அப்போதும் புரட்டினால் என் கணிப்பு தவறு, அலுவலக வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.